ழ போட்ட வரிக்குதிரை

கார் சித்தப்பாவுடையது. அப்பா அதை இரவல் வாங்கி வந்திருந்தார். அதனால் சஃபாரி பூங்காவுக்குள் நுழைந்ததிலிருந்து மிருகங்களைவிடக் காரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நெருப்புக்கோழி வந்து பக்கக் கண்ணாடியை டொக் டொக்கென்று கொத்தியபோது, அதன் காலில் விழாத குறைதான்.

அந்தப் பூங்காவில் யாரும் காரைவிட்டு இறங்கக் கூடாது. கண்ணாடியைத் திறக்கக் கூடாது. மிருகங்களுக்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது. பாதையும் ஒருவழிப் பாதை. போனால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்து வயது. வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அம்மா விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் பக்கத்தில் தம்பி. சிங்கம் எப்போது வரும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தான்.

சிங்கத்துக்கு முன்னால் வரிக்குதிரைகள் வந்தன.

பெரிய கூட்டம். எல்லாம் உலர்ந்த புல்லில் முகத்தைப் புதைத்துச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் தள்ளி நின்றது. புல்லருகே மூக்கைக் கொண்டுபோகும். வாயை வைக்கும். உடனே தலையை உதறிப் பின்வாங்கும். மறுபடியும் அதேபோல.

பிறகு அது காரை நோக்கி நடந்து வந்தது. உடும்பின் ஜன்னலுக்கு நேராக நின்று, தின்ன ஏதாவது கிடைக்குமா என்பதுபோல் உதட்டைச் சுருட்டித் தூக்கியது. அப்போதுதான் அவள் பார்த்தாள். கீழ்த்தாடையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இறுக்கமாக மாட்டியிருந்தது. எச்சில் நூலாக வடிந்தது.

"அப்பா, அதோட வாயில ஏதோ மாட்டியிருக்கு."

அப்பா திரும்புவதற்குள் அது வாயை மூடிவிட்டது. அவருக்கு ஒரு வரிக்குதிரை மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. நிறுத்தச் சொல்லி அவள் எவ்வளவோ கேட்டும், நடுப்பாதையில் எப்படி நிறுத்துவது என்று அப்பா காரை நகர்த்திவிட்டார். அம்மா டிக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். பதிவு செய்த குரல் ஒன்று, அவளுடைய பொறுமைக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னது. வேறெதுவும் சொல்லவில்லை.

உடும்பு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். யாரிடமாவது சொன்னாலும், இத்தனை வரிக்குதிரைகளில் எது என்று எப்படிக் காட்டுவது? எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

அந்தக் குதிரை மெல்லத் திரும்பி நடந்தது. அதன் இடது தொடையில், வரிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், ஒரு கறுப்பு வரி வளைந்து ஏறி இறங்கி, அடியில் வாலாகச் சுருண்டிருந்தது. யாரோ உட்கார்ந்து எழுதியதுபோல ஒரு ழ.

அம்மாவின் பையிலிருந்து பேனாவை எடுத்து, மறந்துபோவதற்குள் முன்கையில் வரையத் தொடங்கினாள். ழவையும், அதற்கு மேலே இருந்த வரிகளையும், கீழே இருந்த வரிகளையும் வரைந்தாள். தம்பி தோளைப் பிடித்து உலுக்கி, சிங்கம் வந்துவிட்டது, கொட்டாவி விடுகிறது, பல்லெல்லாம் தெரிகிறது என்று கத்தினான். அவள் நிமிரவில்லை. படம் முடிந்து நிமிர்ந்தபோது சிங்கம் போயே போய்விட்டது.

வெளிவாசலில் ஒரு காவலர் கார்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கையை அசைத்தார். அப்பா கிளம்பப் பார்த்தார்.

"எப்படிண்ணா கண்டுபிடிப்பீங்க?" என்று உடும்பு கேட்டாள்.

"வாயில மாட்டியிருந்தா தெரியாமலா போகும்?"

"வாயை மூடிட்டா தெரியாதுண்ணா. அதோட மூஞ்சியும் கறுப்பு, வளையமும் கறுப்பு. எங்க அப்பாவுக்கே தெரியல."

காவலர் யோசித்தார். காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

அப்பாவுக்கு முகம் வாடியது. இருட்டுவதற்குள் சித்தப்பாவிடம் காரை ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்கோ ஆஸ்பத்திரியில் மாலை டூட்டி. அவள் நர்ஸ். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இதற்குமேல் நாம் என்ன செய்ய முடியும் என்று அப்பா கேட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லைதான்.

உடும்பு அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. தான் போய்விட்டால் அந்தக் குதிரையை யாராலும் காட்ட முடியாது என்று மட்டும் சொன்னாள்.

அம்மா பின்பக்கம் திரும்பினாள். நோயாளிகளிடம் பேசும் குரலில் கேட்டாள்.

"அது தின்னப் பிடிக்காம நிக்குதா, தின்ன முடியாம நிக்குதா?"

"முடியாமத்தாம்மா. வாயை வைக்குது. மெல்ல வரல. எச்சில் வடிஞ்சுகிட்டே இருக்கு."

அம்மா போனை எடுத்து, கூட வேலை செய்யும் தோழியிடம் தன் டூட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அதைப் பார்த்த அப்பா, பெருமூச்சுவிட்டபடி சித்தப்பாவுக்குப் போன் செய்தார்.

காவலர் வாக்கி டாக்கியில் மிருக டாக்டரைக் கூப்பிட்டார். தகவல் சொன்னது யார் என்று அங்கிருந்து கேட்டார்கள். காவலர் காருக்குள் எட்டிப் பார்த்துப் பெயரைக் கேட்டார்.

"உடும்பு" என்றான் தம்பி.

காவலரும் அப்படியே சொல்லிவிட்டார். மறுமுனையில் இருந்தவர் பதறிப்போனார். நம்மிடம் உடும்பே கிடையாதே, வாசலுக்கு எப்படி வந்தது, யாரையாவது கடித்துவிட்டதா என்று கேட்டார். அதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கம்பிவலை போட்ட ஜீப் ஒன்று வந்து நின்றது.

ஜீப்பிலிருந்து டாக்டரம்மா இறங்கினார். அவர் சிரிக்கவில்லை.

"மயக்க ஊசியைச் சும்மா போட முடியாதும்மா. ஆரோக்கியமா இருக்கிற குதிரைக்குத் தப்பாப் போட்டா அதுக்கும் ஆபத்து. உன்னால நிச்சயமா அடையாளம் சொல்ல முடியுமா?"

உடும்பு சட்டைக் கையைச் சுருட்டி முன்கையை நீட்டினாள். டாக்டரம்மா குனிந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எந்தத் தொடை என்று கேட்டார். இடது என்றாள். ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மாவும் அவளோடு ஏறிக்கொண்டாள். அப்பாவும் தம்பியும் காரிலேயே இருந்தார்கள். காவலர் வாசலை அடைத்து மற்ற கார்களை நிறுத்தினார்.

கூட்டம் இப்போது ஓரிடத்தில் இல்லை. சில படுத்திருந்தன. சில ஓடிப் பிடித்து விளையாடின. ஜீப் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. வலது தொடையைக் காட்டி நின்றவற்றை மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் அவை திரும்பிக்கொண்டன.

டாக்டரம்மா ஒரு குதிரையைச் சுட்டிக்காட்டினார். "அதோ, வளைவு இருக்கு பாரு."

உடும்பு முன்கையையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது ழ இல்ல டாக்டர். ம. அடியில வால் இல்ல."

டாக்டரம்மாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. டிரைவருக்கு வரவில்லை. வெளிச்சம் குறைகிறது, காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாமே என்றார்.

"காலை வரைக்கும் அது தண்ணிகூட எப்படிக் குடிக்கும்?"

அவள் யாரையும் பார்த்து அதைக் கேட்கவில்லை. கண் வெளியே தேடிக்கொண்டிருந்தது. டிரைவர் கியரை மாற்றினார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், மரத்தடியில், ஒன்று தனியாகத் தலையைத் தொங்கவிட்டு நின்றது. அதன் வலது பக்கம்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் போகலாமா என்று உடும்பு கேட்டாள். ஜீப் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது. தொடை தெரிந்தது. வளைந்து ஏறி இறங்கி, அடியில் சுருண்ட வால்.

"இதுதான்" என்றாள். தான் பார்த்தது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

டாக்டரம்மா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. குதிரை உதட்டைச் சுருட்டியது. அவர் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, மயக்க ஊசித் துப்பாக்கியை எடுத்தார்.

ஊசி பாய்ந்ததும் குதிரை கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு கால்கள் பின்ன, மெதுவாகச் சாய்ந்து படுத்தது. டாக்டரம்மாவும் டிரைவரும் இறங்கிப் போய் அதன் கண்களைத் துணியால் மூடினார்கள். அம்மா உடும்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிங் பிளேயர் கடிக்கும் சத்தம் ஜீப்புக்குள் வரைக்கும் கேட்டது.

டாக்டரம்மா திரும்பி வந்து கையை விரித்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் உடைந்த வாய்ப்பகுதி. யாரோ ஜன்னலைத் திறந்து டப்பாவோடு தீனியை நீட்டியிருக்கிறார்கள். ஈறு புண்ணாகியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் தாடையே வெட்டுப்பட்டிருக்கும் என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். மருந்து தடவியாகிவிட்டது, இனி ஆறிவிடும் என்று உடும்பிடம் சொன்னார்.

மயக்கம் தெளிய இன்னொரு ஊசி போட்டார்கள். குதிரை தலையைத் தூக்கியது. எழுந்தது, தடுமாறியது, மறுபடி எழுந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. எதையோ காணோமே என்று தேடுவதுபோல நாக்கைச் சுழற்றியது.

பிறகு தள்ளாடிக்கொண்டே தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் வாயை வைத்தது.

குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவது ஜீப் விளக்கின் வெளிச்சத்தில் தெரிந்தது. நன்றாக இருட்டிவிட்டிருந்தது. ஆனாலும் கிளம்பலாம் என்று யாருமே சொல்லவில்லை.