ஏறி வாங்க அண்ணே

நாற்றம் நின்றுவிட்டது. சுகுமாருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய தாமான் குடியிருப்பின் அறுபது வீட்டுக் கழிவும் வந்து சேரும் குழியின் வாயில் நிற்பவனுக்கு, மூக்கு கொஞ்சம் ஓய்வெடுத்தால் கசக்குமா? மறுநொடியே பயிற்சி வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. நாற்றம் திடீரென்று நின்றால், விஷவாயு மூக்கை மரக்கடித்துவிட்டது என்று பொருள்.

கீழே சீனி இருந்தார். பம்பில் சிக்கிய துணியை எடுக்க இறங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வாயு அளக்கும் கருவியில் பேட்டரி இல்லையே என்று அவர் தயங்கியபோது, ரெண்டே நிமிஷம், மழைக்கு முன்னே முடித்துவிடலாம் என்று சொல்லி இறக்கிவிட்டவன் சுகுமார்தான். பதினோரு வருஷமாகக் கூட வேலை செய்யும் மனிதர்.

மாலை நான்கு மணிதான். மேகம் கட்டி, வேலிக்கு அப்பால் செம்பனை மரங்களெல்லாம் இருண்டு கிடந்தன. குழியின் நடுவே குறுக்காகப் போட்டிருந்த இரும்புத் தட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் சுவரில் களுக் களுக்கென்று மோதிக்கொண்டிருந்தது.

“அண்ணே, போதும்லா. ஏறி வாங்க.”

“வாரேன்.”

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. காத்திருந்தான். ஏணி அசையவில்லை. மறுபடி கூப்பிட்டான். மறுபடி அதே வாரேன், அதே நிதானம். மூன்றாம் தடவையும் அப்படியே கேட்டது. சீனி ஒருநாளும் திட்டாமல் பதில் சொன்னதில்லை.

கப்பியின் கைப்பிடியைச் சுற்றினான். சீனியின் இடுப்பில் கட்டியிருந்த கயிறு கனத்தது. தலை தெரிந்தது. தொங்கிய தலை.

சிமெண்டில் கிடத்தினான். நீலம் பாரித்த உதடு. வாய் நிறையச் சேறு. விரலால் தோண்டி எடுத்தான். நெஞ்சை அழுத்தினான். அழுதுகொண்டே அழுத்தினான். மூச்சில்லை. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே போயிருக்க வேண்டும்.

“வாரேன்.”

குழிக்குள்ளிருந்து.

சுகுமாரின் கைகள் நின்றன. மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவனுக்கு இல்லை. சீனி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அண்ணே என்றான். ஏறி வாங்க என்றான். யார் காதில் விழுந்ததோ.

ஏணி அசைந்தது. ஒரு படி. இன்னொரு படி.

பாய்ந்து மூடியை இழுத்தான். பாதி நகர்ந்தது. முக்கால். இடுக்கில் நான்கு விரல்கள் வந்து விளிம்பைப் பற்றின. ஊறி வெளுத்த விரல்கள். மூடி அவற்றின்மேல் ஏறி நசுக்கியது. பிடி தளரவில்லை.

“மூடாதே தம்பி. நீதானே கூப்பிட்ட.”

அவன் முழு பலத்தோடு மூடியை அழுத்தினான்.

“எல்லாரும் வாரோம்லா.”

கீழே, ஏணியின் அத்தனை படிகளும் ஒன்றாக அதிர்ந்தன.