சாய்ந்த சட்டங்கள்

அந்தப் பழைய படக் காட்சிக்கூடத்தின் முதல் அறையிலேயே தச்சருக்குக் கண்ணை உறுத்தியது. சுவரில் இருந்த படங்கள் எல்லாம், ஒன்றுவிடாமல், இடப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தன. முப்பது வருஷம் ரசமட்டம் வைத்து நேர் பார்த்த கை சும்மா இருக்குமா? துறுதுறுத்தது.

"ஐயாவுக்குக் கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். படம் சேத்ததும் அவர்தான், தன் கண்ணுக்கு நேரா தெரியிற மாதிரி மாட்டினதும் அவர்தான். ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு உயில் எழுதி வச்சிட்டுத்தான் செத்தார்," என்றார் காவலாளி, முகம் கொடுக்காமல்.

"போயிடலாங்க. வந்ததுலேருந்து யாரோ முறைக்கிற மாதிரியே இருக்கு," என்று தச்சரின் மனைவி அவர் சட்டையை இழுத்தாள்.

மூன்றாவது அறையில், அடைத்த ஜன்னல்களுக்குள் தேங்கிக் கிடந்த மெழுகும் ஈரத்துணியும் கலந்த வாடை மூக்கில் ஏற, இருவரும் காலை எடுத்த பிறகும் பலகைத் தரை பின்னால் இன்னொரு முறை கிரீச்சிட, காவலாளி அந்தப்பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து, தச்சர் ஓர் ஆற்றங்கரைப் படத்தை நேராக்கிவிட்டார். புத்திகெட்ட வேலைதான். ஆனாலும் மனதுக்கு அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தியா, இப்ப எப்படி இருக்கு?"

மனைவி அவருக்கு முதுகைக் காட்டி அடுத்த படத்தின் முன் நின்றிருந்தாள். அவள் தலை மெல்ல இடத்தோள் பக்கம் சாய்ந்தது.

"நேராத்தான் இருக்கு," என்றாள். "இதுதாங்க நேரா இருக்கு."

குரல் அவளுடையதுதான். அதில் கொஞ்சமும் பயம் இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஆற்றங்கரைப் படத்தைப் பழையபடி சாய்த்தார். "தப்புதான் ஐயா. அவ எதையும் தொடலை. அவளை விட்டுடுங்க." யாரிடம் கெஞ்சுகிறோம் என்று தெரியாமலே கெஞ்சினார். அவளை வெளியே கூட்டிப்போனால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

தலை நிமிரவில்லை.

இன்னும் சாய்ந்தது. காது தோளைத் தொட்டது. அங்கேயும் நிற்கவில்லை.

ஓடிப்போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் தாங்கினார். நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. அவள் கன்னத்துக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவில் ஏதோ சில்லென்று இருந்தது.

விரல்கள். மெலிந்த, வயதான விரல்கள். அவசரமே இல்லாமல் அவை அவள் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தன.