பி.பி. பிலோமினா

2009 மார்ச்சில், தலைநகரின் மயூர் விஹாரில் மூன்றாம் மாடி வீடொன்றின் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒயரையும் உருவிக்கொண்டு போனார்கள். கருப்புத் தொலைபேசி மட்டும் அலமாரியில் தங்கியது.

சென்ற நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை நிகில் அம்மாவைப் பார்க்க வந்தான். ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டம். அறையில் தைல வாசனை. ஓய்வுபெற்ற நர்ஸான பிலோமினா அந்தத் தொலைபேசியை மடியில் வைத்திருந்தார்.

"மணி அடிக்குது மக்ளே. எடுக்கதுக்குள்ள நின்னுருது. பி.பி.யாத்தான் இருக்கும்."

"பி.பி.யா? மாத்திரை போட்டியா இல்லியாம்மா?"

"அது பிரஷர்லா. இது டிரங்க் கால்."

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் காலை பி.பி., அதாவது 'பர்ட்டிகுலர் பர்சன்' என்று பதிந்தால், பெயர் சொன்ன ஆள் வந்தால் மட்டுமே பேசலாம். ஆள் இல்லையென்றால் பேச்சுக் கட்டணம் கிடையாது. நர்ஸ் விடுதியிலிருந்த பிலோமினாவுக்கு அப்பா இருதயசாமி நாகர்கோவிலிலிருந்து ஞாயிறுதோறும் பி.பி. போடுவார். பிலோமினாவே எடுத்து, "பிலோமினா இல்லை" என்பார். நலமாக இருக்கிறேன் என்று பொருள். ஆபரேட்டர் குரலுக்குப் பின்னால் அப்பாவின் இருமல் கேட்கும். அவ்வளவுதான்.

"ஒரு தடவ புதன்கிழமை வந்துது. நைட் டூட்டி தூக்கத்துல, பழக்கத்துல, இல்லேன்னு சொல்லிட்டேன். சாயந்திரம் தந்தி வந்துது, அப்பா போயிட்டாருன்னு. என்ன சொல்லக் கூப்பிட்டாரோ."

மணி அடித்தது.

தொலைபேசி அவர் மடியில் அதிர்ந்தது. அம்மாவின் கை எழும்புவதற்குள் நிகில் ரிசீவரைப் பிடுங்கினான்.

கடல் போன்ற இரைச்சல். ஒரு பெண் குரல்.

"நாகர்கோவில். பி.பி. பிலோமினா இருக்காங்களா?"

அதன் பின்னால் ஓர் இருமல்.

"இல்லை," என்றான் நிகில். அம்மாவை அந்தக் குரலிடம் கொடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது. "இங்க இல்லை."

இரைச்சல் அடங்கியது.

"இல்லேன்னா சொன்ன?" பிலோமினா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "இப்பவும் நான் நல்லாருக்கேன்னு நெனச்சிட்டுப் போயிருவாரே மக்ளே."

மூன்று வாரம் அவர் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடும் அங்கேதான். மணி அடிக்கவில்லை. டிசம்பரில் ஒரு புதனன்று இறந்தார்.

அடக்கத்துக்குப் பின் வந்த ஞாயிறு மாலை, வீட்டைப் பூட்டிப்போக நிகில் வந்தான்.

மணி அடித்தது.

"பி.பி. நிகில் இருக்காரா?"

பின்னால் அதே இருமல்.

அதை ஒட்டி, அம்மா தொண்டையைச் செருமும் சத்தம்.

எந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும்.

"இருக்கேன்," என்றான்.