பத்மினியின் அடியில் ஒரு கறை

தனசிங் அங்கிள் எங்கள் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவர் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்துபோனார்.

உங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா? எனக்கு வந்தது. எனக்குச் சந்தேகம் கொஞ்சம் சீக்கிரமே வரும். "நீ போலீஸ் வேலைக்குத்தான் போகப்போற ஆஃபியா" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

நடந்த இடம், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மைதானம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். என் அத்தா பாட்சாவும் எங்கள் பச்சை நிற பத்மினியில் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தக் காருக்கு என்னைவிட முப்பது வயது அதிகம்.

அங்கே கார் பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

"என் அம்பாசடர்ல ஒரு ஸ்க்ரூகூட மாத்தல. எல்லாம் ஒரிஜினல்" என்பார் தனசிங் அங்கிள்.

"டயர்கூடவா?" என்று கேட்பார் கனகவல்லி மேடம். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்பு மாருதி 800 வைத்திருக்கிறார். கூட்டத்துக்குத் தலைவியும் அவர்தான்.

கல்லூரியில் படிக்கும் சாஜித் அண்ணா தன் வெள்ளை மாருதி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்த்தாலே தனசிங் அங்கிளுக்கு முகம் சுருங்கிவிடும்.

"இது காரா, இல்ல எலெக்‌ஷன் சுவரா?"

"உங்க டேஸ்ட் வேற, என் டேஸ்ட் வேற அங்கிள்" என்று சாஜித் அண்ணா சிரிப்பார்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காருக்கும் அடியில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, ஒரு மணி நேரம் அப்படியே விடுவார்கள். பழைய கார் என்றால் ஆயில் சொட்டும். எந்தத் தாளில் கறை குறைவோ, அந்தக் கார்தான் அன்றைய ஊர்வலத்தில் முதலில் போகும். சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்த் திரும்ப வேண்டும். தாள் விரித்த பிறகு யாரும் எந்தக் காரையும் தொடக் கூடாது. அது விதி.

இரண்டு வருடங்களாக முதலில் போவது தனசிங் அங்கிளின் அம்பாசடர்தான். இப்போது என் சந்தேகம் புரிகிறதா?

ஆனால் எனக்கு முதலிடம் பெரிய விஷயமே இல்லை. என் கவலை வேறு.

கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குப் புது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். எங்கள் பத்மினி அதில் ஆயில் கோலம் போட்டது. செயலாளர் யக்ஞநாராயணன் சார் அதைப் படம் பிடித்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை போட்டுவிட்டார். அம்மாவுக்கு லிஃப்டில் ஏறவே வெட்கமாக இருந்தது.

அத்தா ஆறு மாதம் காருக்கு அடியிலேயே கிடந்தார். ஆயில் சீல் மாற்றினார், கேஸ்கட் மாற்றினார். இன்று காலை எல்லார் முன்னாலும், "இன்னைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டியை வித்துடறேன்" என்று சொல்லிவிட்டார். படப்பையில் அனந்தகிருஷ்ணன் என்று ஒருவர் அதை வாங்கக் காத்திருக்கிறார்.

அத்தா சொன்னால் சொன்னதுதான். அதுதான் எனக்குப் பயம். நான் வீட்டுப்பாடம் எழுதுவது, கதைப்புத்தகம் படிப்பது, அம்மாவோடு சண்டை போட்டால் போய் உட்காருவது எல்லாம் அந்தக் காரின் பின்சீட்டில்தான். அது இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

எட்டரை மணிக்கு கனகவல்லி மேடம் விசில் ஊதினார். ஒவ்வொரு தாளாக வெளியே இழுத்தார்கள். அம்பாசடர் தாளில் மிளகு அளவுக்கு இரண்டு சொட்டு. சாஜித் அண்ணாவின் தாளில் நான்கு. கடைசியாக எங்கள் தாளை இழுத்தார்கள்.

உள்ளங்கை அளவுக்குச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கறை.

உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தனசிங் அங்கிள் கறையைத் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "கியர் ஆயில். சந்தேகமே இல்ல."

"இல்ல அங்கிள், இது பின் ஆக்சில் ஆயில்" என்றார் சாஜித் அண்ணா. தாளை மோந்து பார்த்தார். "ரொம்பப் பழைய ஆயில். அதான் இப்படி ஒரு வாடை."

"பிரேக் ஆயிலா இருக்கும்" என்றார் கனகவல்லி மேடம்.

அத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"அனந்தகிருஷ்ணன் சார், நான் பாட்சா பேசறேன். தாம்பரம் கிரவுண்டுக்கு வர்றீங்களா? வண்டியைப் பார்த்துடலாம்."

நான் தனசிங் அங்கிளைப் பார்த்தேன். 'எல்லாம் உங்களால்தான்' என்று எல்லார் காதிலும் விழும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாதே. குனிந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதை மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்?

தாளை மறுபடி பார்த்தேன். எது காரின் முன்பக்கம் என்று தெரிவதற்காக மேடம் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். கறை இருந்தது இடது பக்கம், பின்கதவுக்கு நேர் கீழே.

அங்கே என்ன இருக்கிறது? இஞ்சின் முன்னால் இருக்கிறது. கியர் பாக்ஸ் நடுவில். ஆக்சில் இன்னும் பின்னால். அத்தாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே எனக்கு இதெல்லாம் மனப்பாடம். பின்கதவுக்குக் கீழே ஆயில் இருக்கும் பொருள் எதுவுமே கிடையாது.

நான் காருக்கு அடியில் புகுந்தேன். இஞ்சின் காய்ந்து கிடந்தது, கியர் பாக்ஸும் அப்படித்தான். பின்கதவுக்குக் கீழே, தகரத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துரு ஓட்டை. அதில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விரலை நீட்டி வாங்கினேன். சொட்டோடு சின்னதாக, உருண்டையாக ஏதோ வந்தது.

அது கடுகு.

மோந்து பார்த்தேன். பெருங்காயம், பூண்டு, நல்லெண்ணெய். எந்த ஊரிலும் கியருக்குத் தாளித்துக் கொட்ட மாட்டார்கள்.

வெளியே வந்து பின்கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் மாங்காய் ஊறுகாய் பாட்டில் படுத்துக் கிடந்தது. மூடி சரியாக மூடவில்லை. பையில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. 'பரிதாவுக்கு, அன்புடன் ஹெப்சி.'

பரிதா என் அம்மா. ஹெப்சி ஆன்ட்டி தனசிங் அங்கிளின் மனைவி.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சதி செய்யவில்லை. ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறார். நானோ அவரை மனசுக்குள் ஜெயிலில் போட்டுப் பூட்டியே விட்டேன்.

பையைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அவரைத் தப்பாக நினைத்தது போதும். மெல்லப் போய் அவர் சட்டைக் கையை இழுத்தேன்.

"அங்கிள், ஒரு நிமிஷம் வாங்க. அத்தா, நீங்களும்."

பாட்டிலையும் கடுகையும் காட்டினேன். தனசிங் அங்கிள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மறக்காம குடுங்கன்னு ஹெப்சி பத்து தடவை சொன்னா. தாள் விரிச்சப்புறம்தான் ஞாபகம் வந்தது. காரைத் தொடக் கூடாதுன்னு விதி. அதான் யாருக்கும் தெரியாம வெச்சுட்டு வந்தேன்."

"நான் பார்த்தேன் அங்கிள். நீங்க வேணும்னே ஏதோ பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. "சாரி."

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்கு நடுவில் போனார்.

"எல்லாரும் கேளுங்க. பாட்சா பாய் வண்டியில தப்பில்ல. விதியை மீறினது நான். அது கியர் ஆயில் இல்ல, எங்க வீட்டு ஊறுகாய்."

சாஜித் அண்ணா தான் மோந்த தாளை இன்னொரு முறை மோந்து பார்த்தார். "அதான பார்த்தேன், பசி எடுத்துச்சு" என்றார்.

"ஆனா பாய், கார் தரையில துருவே இல்லன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் கனகவல்லி மேடம்.

அத்தா வானத்தைப் பார்த்தார். "சின்ன ஓட்டைதான் மேடம். மேட் போட்டு மறைச்சிருந்தேன்."

மேடம் யோசித்தார். "ஊறுகாய்க்கு நம்மகிட்ட விதி இல்ல. பையை எடுத்துட்டு, ஓட்டையைத் துடைச்சு, புதுத் தாள் விரிங்க. இன்னும் ஒரு மணி நேரம்."

அந்த ஒரு மணி நேரம் போகவே இல்லை. இந்த முறை டீக்கடைக்கு யாரும் போகவில்லை. எல்லாரும் பத்மினியைச் சுற்றி நின்று, காரை ஒரு முறை, ஒருவரையொருவர் ஒரு முறை என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதியதும் தாளை நானே இழுத்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

தனசிங் அங்கிள் கண்ணைச் சுருக்கினார். "ஒரு சொட்டுகூட இல்லையா? பழைய வண்டி எப்படி ஒழுகாம இருக்கும்? பாய், உள்ள ஆயில் ஊத்தினீங்களா, இல்லையா?"

அவருக்கும் என்னைப்போலச் சந்தேகம் சீக்கிரம் வரும் போலிருக்கிறது. அத்தா சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். அங்கிள் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ஆயில் முழு அளவுக் கோடு வரை இருந்தது.

"ஒப்புக்கறேன்" என்று அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க முன்னாடி போங்க. நான் கடைசியா வர்றேன்."

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, எங்கள் காரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்சா சாரா? நான் அனந்தகிருஷ்ணன். வண்டி இதுதானே? சாவியைக் குடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடறேன்."

அத்தா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

"மன்னிச்சுக்குங்க சார், வீணா அலைய வெச்சுட்டேன். வண்டி இவளோடது. விக்கிறாளான்னு கேளுங்க."

அவர் என்னிடம் கேட்பதற்குள், நான் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டேன்.