கதிர்பீரங்கிக்கு ஒரு பொட்டு

நிலவின் தென்முனையில் அன்று ஆயுதபூஜை. கீழ்க்கரைக் குடியிருப்பின் கதிர்பீரங்கிக்கு இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். காகித வாழைதான், ஆனால் ஊரின் பெருமைக்குக் குறைவில்லை.

பீரங்கியை வடிவமைத்தவள் மரகதவல்லி. ஒளிக்கதிர் ஆயுதமெல்லாம் கதைக்குத்தான் ஆகும் என்று பூமியில் சிரித்தவர்களின் வாயை அவள் அடைத்துவிட்டாள். காற்றும் மேகமும் இருந்தால்தானே கதிர் சிதறும்? நிலவில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பள்ளத்துக்கு அப்பால் நிறுத்திய இரும்புத் தகட்டைப் பத்து எண்ணுவதற்குள் உருக்கிக் காட்டினாள். சத்தமில்லை, வெளிச்சக் கோடும் இல்லை. தகட்டில் ஓட்டை மட்டும் விழுந்தது. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிப் பீரங்கியையே வாட்டும் என்பதால், அதை வெளியேற்ற அகலமான வெப்பச்சிறகுகள் பொருத்தியிருந்தாள். ஒரே ஒரு கண்டிப்பு: முகப்புக் கண்ணாடியை யாரும் தொடக்கூடாது. அதில் அழுக்கு ஒட்டினால் அந்த இடம் கதிரை விழுங்கிக் கொதித்து, கண்ணாடியே தெறித்துவிடும்.

சண்டை, பள்ளத்தின் அடியில் கிடந்த பனிக்காக. எதிரே இருந்த மேல்கரைக்காரர்கள் மாலைக்குள் தோண்டுவதை நிறுத்தாவிட்டால் அவர்கள் கூரையை உருக்கிவிடுவதாகக் கேப்டன் உலகநாதன் கெடு வைத்திருந்தார். அவர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். அவர்களிடமும் ஒரு பீரங்கி இருந்தது. அதைக் கட்டியவர் சேதுபதி, மரகதவல்லியின் தங்கை பூரணியின் கணவர். அந்தக் கூரைக்குக் கீழேதான் பூரணி இருந்தாள். மரகதவல்லிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கெடு முடிந்தது. பீரங்கி அறையின் காற்றை உறிஞ்சிவிட்டு வெளிக்கதவைத் திறந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி கேமராவில் சரிபார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியின் நடுவே கொழுத்த குங்குமப் பொட்டு. கேப்டனின் கைவேலைதான், பீரங்கிக்கு நெற்றி எது என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

ஆளனுப்பினால் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். துடைக்காவிட்டால் அவள் பெருமையெல்லாம் தூள்தூளாகும்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார் கேப்டன்.

"சரியா இருக்கு கேப்டன்."

அவர் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி தெறித்தது. எதிர்க்கூரை அசையவில்லை. இனி அவர்கள் சுடுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவளுடைய போன்தான் அடித்தது.

"அக்கா, உங்களைச் சுடப் போயி எங்க பீரங்கிக் கண்ணாடி தெறிச்சிருச்சு," என்றாள் பூரணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பூஜையில யாரோ பொட்டு வச்சிருக்காங்க. இவரு முன்னாடியே பாத்துட்டாராம். துடைக்கச் சொல்லலையாம்."

அறிக்கையில் மரகதவல்லி வெப்பக் கோளாறு என்று எழுதினாள். சுட வழியில்லாமல் பேச உட்கார்ந்த இரு கரைக்காரர்களும் பனியைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆயுதபூஜைக்குள் பூமியிலிருந்து புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கேப்டன் பீரங்கியின் உடம்புக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் தட்டோடு நகரப் பார்த்தார். மரகதவல்லி தலை நிமிர்ந்து நின்றாள். பீரங்கி முதல்முதலாக இரும்பை உருக்கிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

"கண்ணாடிக்கு வைக்கலையே கேப்டன்," என்றாள். "நல்லா பெருசாவே வைங்க."