படச்சுருளில் உத்திராபதி இல்லை

இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் ஒரு நரம்பு காலையிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோவை ஓரங்கட்டிய அன்பழகன், உடனே இறங்க முடியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய முதுகு. வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் கல் இன்னும் முதுகைவிட்டு இறங்கவில்லை.

பின்சீட்டில் மலர்கொடி. ரெட்டிபாளையத்திலிருந்து இவ்வளவு தூரமும் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி வந்திருந்தாள். அவள் புருஷன் உத்திராபதி, அன்பழகனோடு ஒரே குவாரியில் கல் ஏற்றியவன். செத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது.

"எறங்கு தங்கச்சி. இதான் கடை."

கடை என்றால் பத்துக்குப் பத்து அறை. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப், சர்வேக்காரர்களின் லெவல் கருவி, எப்போதாவது ஒரு பழைய ஃபிலிம் கேமரா. லென்ஸ் வைத்த எதுவானாலும் வெற்றிச்செல்வி பிரித்துச் சேர்ப்பாள். பிரிக்கும்போதே அதைக் கீழே போட்டது யார், போடவில்லை என்று பொய் சொல்வது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த இரண்டு மூன்று சங்கதிகள் போலீஸ் ஸ்டேஷன் வரை போனதில் அவளுக்கு ஒரு பேர் உண்டாகியிருந்தது. அன்பழகன் அவளுக்கு உதவியாளாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன்.

மலர்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பல ஆபீசில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு அவரு வேலைக்கே வரலன்னு காண்ட்ராக்டர் சொல்றாரு. குடிச்சிட்டுப் பழைய குழியில வுழுந்துட்டாராம். ரிஜிஸ்டர்ல பேரு இல்ல. கல்லு சரிஞ்சப்ப கூட நின்ன பொம்பளைங்க இப்ப ஒண்ணும் தெரியாதுங்குறாங்க. வர்ற வியாழக்கெழம லேபர் ஆபீஸ்ல கூப்புட்டிருக்காங்க. நான் எதக் காட்டுறது?"

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"போட்டோ இருக்கும்னு நெனச்சேங்கக்கா. அரியலூர் ஸ்டுடியோ குருமூர்த்தி, குனிஞ்சு பாத்து எடுக்குற பொட்டிக் கேமராவத் தூக்கிக்கிட்டு ஒரு வாரமா குவாரிக்கு வந்துட்டிருந்தாரு. மெட்ராஸ்ல கண்காட்சி வைக்கப் போறாராம். நாளைக்கு உன்ன எடுக்குறேன், பெருசா போட்டு வூட்டுக்கே கொண்டாந்து தரேன்னு இவருகிட்ட சொல்லியிருக்காரு. அதுக்குன்னே இவரு நீலச் சட்டயப் போட்டுக்கிட்டுப் போனாரு. காலையில ஒம்போது மணிக்கு வெடி போர்டுகிட்ட நிக்கவச்சு எடுத்தாருன்னு பொம்பளைங்க அன்னிக்குச் சாயங்காலமே சொன்னாங்க."

வெடி போர்டு என்றால் என்ன என்று அன்பழகனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய தேதியையும் வெடி வைக்கும் நேரத்தையும் சாக்பீஸால் எழுதிவைக்கும் பலகை. அதன் பக்கத்தில் உத்திராபதி நிற்கிற படம் ஒன்று இருந்தால் போதும்.

"படம் எங்க?" என்றாள் செல்வி.

மலர்கொடி ஒரு பழுப்புக் கவரை நீட்டினாள். "ஒண்ணுமே வுழலன்னுட்டாரு. கேமரா பழசாம். நான் அங்கயே உக்காந்துட்டேன். கடையில வேலபாக்குற பொண்ணு சிந்து, திருச்சி லேப்புலேருந்து வந்த கவர அப்படியே எடுத்துக் குடுத்துச்சு, நீங்களே பாத்துக்கங்கக்கான்னு."

கவரின் மேல் பேனாவில் எழுதியிருந்தது: ஸ்பூலைத் தவறாமல் திருப்பி அனுப்பவும். உள்ளே மூன்று விரல் அகலத்துக்கு நீளமான ஃபிலிம் துண்டுகள், ஃபிலிமோடு சுற்றிவரும் கறுப்புக் காகிதம், அவை சுற்றியிருந்த கறுப்பு ப்ளாஸ்டிக் ஸ்பூல் ஒன்று. செல்வி ஃபிலிமைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிபோல வெறிச்சென்று இருந்தது.

"லேப்காரன்தான்க்கா" என்றான் அன்பழகன். "எவனோ சொல்லி மருந்துல போட்டுக் கெடுத்துட்டான்."

"ஓரத்தப் பாரு. கம்பெனிக்காரன் அச்சடிச்ச நம்பர் கறுப்பா வந்திருக்கு. மருந்து கெட்டிருந்தா அதுவும் வந்திருக்காது. லேப்புல ஒழுங்காத்தான் கழுவியிருக்காங்க. இந்த ஃபிலிம் வெளிச்சத்தையே பாக்கல. அவ்வளவுதான்."

"அப்ப கேமரா ரிப்பேர்."

"இருக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன என்கிட்ட வந்த கேமராதான். ஃபிலிம் சுத்துற சாவி தேஞ்சுபோயி, ப்ளாஸ்டிக் ஸ்பூல்ல வழுக்கிட்டிருந்துச்சு. வேற சாவி கெடைக்கல. அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்தேன்." அவள் கறுப்பு ஸ்பூலை விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றினாள். பிறகு அதைக் கவரில் போட்டு, கவரைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "வண்டிய எடு."

அரியலூரில் குருமூர்த்தியின் ஸ்டுடியோ முதல் மாடியில் இருந்தது. படி ஏறும்போது அன்பழகனுக்கு நரம்பு மறுபடி இழுத்தது. மேலே குருமூர்த்தி கம்ப்யூட்டரில் யாருடைய கல்யாண ஆல்பத்தையோ அடுக்கிக்கொண்டிருந்தான். செல்வியைப் பார்த்ததும் எழுந்தான். பின்னால் மலர்கொடி வருவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"வாங்க செல்வியக்கா. சிந்து, டீ சொல்லும்மா."

சுவரோரம் லென்ஸ் வைக்கும் மர அலமாரி. மழைக்காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க, உள்ளே ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரியும். போன தடவை வந்தபோது சாமி ரூமா என்று அன்பழகன் கேட்டிருந்தான். இன்று உள்ளே இருட்டாக இருந்தது.

"என்ன சார், சாமி வெளக்கு அணைஞ்சு கெடக்கு?"

"ஃபியூஸ் போயிடுச்சு."

செல்வி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அந்தக் கேமராவக் குடு குரு. ரிப்பேர்னு இந்தப் பொண்ணு சொல்லுது. நான் பாத்துக் குடுத்த கேமரா. கெட்டிருந்தா எனக்குத்தான் கெட்ட பேரு."

குருமூர்த்தி தயங்கிவிட்டு எடுத்துக் கொடுத்தான். அவள் பின்கதவைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கைப்பிடியைச் சுழற்றி ஒரு கிளிக், வேகத்தை மாற்றி இன்னொரு கிளிக். ஒவ்வொரு தடவையும் லென்ஸ் வழியாக வெளிச்சம் கண் சிமிட்டிப் போனது. எட்டு வேகம், எட்டு தடவை.

"ஷட்டர் நல்லாருக்கு."

"அன்னிக்கு மாட்டிக்கிச்சுக்கா. பழசு. சமயத்துல அப்படித்தான் பண்ணும்."

"ரோல்ல இருக்குற பன்னெண்டு படத்துக்குமா?"

சிந்து டீயை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். யாரும் டீயைத் தொடவில்லை.

செல்வி கேமராவின் திறந்த வயிற்றை அன்பழகன் பக்கம் திருப்பினாள். "இங்க என்ன தெரியுது?"

"கீழ ஒரு ப்ளாஸ்டிக் ஸ்பூல், காலி. மேல ஒண்ணுமில்ல."

"புது ஃபிலிம் கீழ உக்காரும். எடுக்க எடுக்க மேல இருக்குற ஸ்பூலுக்கு ஏறிப் போவும். பன்னெண்டும் முடிஞ்சா ஃபிலிம் முழுசா மேல் ஸ்பூல்ல இருக்கும். அந்த ஸ்பூலோட வெளிய எடுத்து லேப்புக்குக் குடுப்பாங்க. கீழ் ஸ்பூல் காலியா உள்ளயே தங்கிடும். இதுல தங்கியிருக்கு. அப்படின்னா அன்னிக்கு ஒரு ரோல் ஒழுங்கா ஓடி முடிஞ்சிருக்கு. சரியா குரு?"

"ஓடுச்சு. நான் இல்லன்னு சொல்லலையே. படம் வுழல, அவ்வளவுதான்."

"மேல இருந்த ஸ்பூல் எது?"

கீழே ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"இந்தக் கேமராவுல மேல ப்ளாஸ்டிக் நிக்காது. சாவி வழுக்கும். அதுக்காகத்தான் பழைய தகர ஸ்பூல் ஒண்ண நான் தேடிக் குடுத்தேன். என்கிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதான். அதனாலதான் லேப்புக்கு அனுப்புறப்பல்லாம் ஸ்பூலத் திருப்பி அனுப்புன்னு கவர்ல எழுதுற." செல்வி பையிலிருந்து கவரை எடுத்து, கறுப்பு ஸ்பூலை மேஜைமேல் வைத்தாள். "லேப்புலேருந்து வந்தது இது. தகரம் எங்க?"

"லேப்புல மாத்தியிருப்பான். இல்லாட்டி..." குருமூர்த்தியின் கண் கதவோரம் போனது. "இவதான் பஸ்ல எடுத்துட்டுப் போனா. வழியில என்ன பண்ணுனாளோ!"

"அண்ணா!" சிந்துவின் முகம் சிவந்துவிட்டது. "நீங்க குடுத்தப்பவே கறுப்புதான். எப்பவும் அந்தத் தகரத்துத் துரு என் கையில ஒட்டும், துப்பட்டாவுல தொடைப்பேன். அன்னிக்கு ஒட்டல. புதுசு வாங்கிட்டீங்க போலன்னு நெனச்சேன். இப்ப எம்மேல தூக்கிப் போடுறீங்க?"

"பாத்தீங்களா!" அன்பழகன் முதுகை மறந்து எழுந்தான். "இவன்தான்க்கா. புது ரோலை இருட்டுல வச்சு கையால சுத்தி அனுப்பியிருக்கான். உண்மையான ரோல அன்னிக்கே கொளுத்தியிருப்பான்."

மலர்கொடி தலை நிமிரவில்லை. கொளுத்தியிருப்பான் என்றதும் அவள் கை மட்டும் முந்தானை நுனியை ஒரு சுற்று சுற்றிக்கொண்டது.

"கொளுத்துனவனுக்குத் தகர ஸ்பூல் மிச்சமாயிருக்கும்" என்றாள் செல்வி. "தகரம் எரியாது. அது இல்லாம இந்தக் கேமராவுல ஒரு ரோல் ஓட்ட முடியாது. கொளுத்தியிருந்தா அத மறுபடியும் மேல மாட்டி வச்சிருப்பான். மாட்டல. ஏன்? ஸ்பூல் காலியா இல்ல. ஃபிலிம் இன்னும் அதுலயே சுத்தியிருக்கு."

அவள் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். பக்கச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். கண்ணாடிக்குள் மஞ்சள் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அணைங்கக்கா! சூடு ஏறிடும்!" என்று கத்திவிட்டான் குருமூர்த்தி.

கத்திய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

செல்வி சுவிட்சை அணைத்தாள். "பல்பு ஃபியூஸ் போவல. லென்சுக்குச் சூடு நல்லது. கழுவாத ஃபிலிமுக்கு ஆகாது. லென்சுல பூஞ்ச புடிச்சாலும் பரவால்லன்னு அணைச்சு வச்சிருக்கன்னா, உள்ள வேற என்னமோ இருக்குன்னு வந்தப்பவே நெனச்சேன். எடு."

கீழ்த்தட்டில், லென்ஸ் மூடிகளுக்குப் பின்னால், பாலித்தீன் பையில் இருந்தது. துருவேறிய தகரம். அதைச் சுற்றி இறுக்கமாக ஒட்டிய காகிதம்.

"இந்தக் கட்டடம் காண்ட்ராக்டரோடது" என்றான் குருமூர்த்தி மேஜையைப் பார்த்துக்கொண்டு. "கடை ஷட்டர இழுத்துப் பூட்டிடுவேன்னான். கொளுத்துன்னான். கொளுத்திட்டேன்னு சொன்னேன். ஆனா கொளுத்தல செல்வியக்கா." அதற்கு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தவன்போல நிறுத்தினான். "அன்னிக்கு நல்ல வெளிச்சம். பன்னெண்டும் நல்லா வந்திருக்கும்."

மலர்கொடி முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். கோபம் எதுவும் அதில் இல்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"போர்டு தெரியுமா அதுல?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தேதி?"

"தெரியும்."

சிந்து அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அன்று சாயங்காலமே செல்வி தன் கடையின் பின்னறையில் ஃபிலிமைக் கழுவினாள். கதவு மூடியிருந்தது. வெளியே மலர்கொடி ஸ்டூலிலும் அன்பழகன் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வடை வாங்கி வந்தான். அவள் ஒன்றைத் தின்றாள், தண்ணீர் குடித்தாள். செல்வி ஈரச் சுருளைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, ஏழாவது கட்டத்தை போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி நீட்டினாள்.

உத்திராபதி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். தோளுக்குப் பக்கத்தில் பலகை. தேதி, வெடி நேரம் பன்னிரண்டரை. காலடியில் சாப்பாட்டுத் தூக்கு.

மலர்கொடி வெகுநேரம் தூக்கைத்தான் பார்த்தாள்.

"இது வூட்டுக்கு வரவே இல்ல" என்றாள். "குழிக்குப் பக்கத்துல கெடந்ததுன்னு பாட்டிலக் கொண்டாந்து குடுத்தாங்க. தூக்கப் பத்திக் கேட்டதுக்கு, அவரு எதையும் எடுத்தாரலன்னாங்க."

அன்பழகன் முதுகைத் தேய்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஃபிலிமும் கேமராவும் தகர ஸ்பூலும் லேபர் ஆபீஸ் மேஜைக்குப் போயின. ஃபிலிமை ஒளித்துவைத்தது தான்தான் என்று குருமூர்த்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். உத்திராபதி வேலைக்கு வந்திருந்தான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். காண்ட்ராக்டரின் வக்கீல் வாய்தா கேட்டார்; கொடுத்தார்கள். ஸ்டுடியோ ஷட்டரில் வேறு பூட்டு தொங்கியது.

மறுவாரம் முப்பதாம் நாள் காரியத்துக்கு அன்பழகன் ரெட்டிபாளையம் போனான். சுவரில் ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் கலைந்து, யாரோ ஒருவனாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்துக் காலியாக விட்டிருந்தது. போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று ராத்திரி உத்திராபதியே அடித்ததாம்.

பெரிய போட்டோ ஒன்று, வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னது. குருமூர்த்தி உத்திராபதிக்கு அதை இன்னும் தரவில்லை.