ஓரத்தில் நிற்கிற தங்கை

அம்மாவின் கடையில் படங்களைப் பெரிதாக்கி அச்சடிப்பார்கள். அவற்றுக்கு மரச்சட்டம் செய்து கண்ணாடியும் போட்டுத் தருவார்கள். "அச்சடிப்பார்கள்" என்ன, எல்லாமே அம்மா ஒருத்திதான். அளவுக் கணக்கு மட்டும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளின் வேலை. வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு.

ஒருநாள் மாலை ஒரு நர்ஸ் அக்கா சின்னப் படம் ஒன்றோடு வந்தார். அகலம் பதினைந்து சென்டிமீட்டர், உயரம் பத்து. அதில் அவரும் அவருடைய அக்கா தங்கைகளுமாக ஐந்து பேர் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

"அஞ்சு பேரும் ஒண்ணா நின்னு எடுத்த ஒரே படம் இதுதான். நாளைக்கு நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறேன். திரும்பி வர மூணு வருஷம் ஆகும்" என்றார். "அகலம் இருபத்துநாலு இருந்தா என் பெட்டியில சரியா உட்காரும்."

"அப்போ உயரம் எவ்வளவு வரும், சுண்டு?" அம்மா கேட்டாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. "பதினஞ்சு இருபத்துநாலு ஆகணும்னா ஒன்பது கூடுது. பத்தோட ஒன்பதைக் கூட்டினா பத்தொன்பது!"

"பாத்தீங்களா? கணக்குல புலி!" அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றே மரத்தை அறுத்து, பசை தடவி, ஆணி அடித்து, கண்ணாடியையும் வெட்டிவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்த சுண்டு, அம்மா கணினித் திரையை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இங்க வா. இந்தக் கூத்தைப் பாரு."

திரையில் ஐந்து பேருக்கும் முகம் வெள்ளரிக்காய் போல நீண்டிருந்தது. சுண்டுவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி. சட்டத்தோட உயரத்துக்குப் படத்தை இழுத்தா இப்படி ஆகுது. இழுக்காம பெரிசாக்கினா அகலம் வெளியே போயிடுது. ஓரத்துல ஒருத்தரை வெட்டணும்."

"யாரை?"

அம்மா ஒரு பொத்தானை அழுத்தினாள். வலது ஓரத்தில் நுனிக்காலில் எக்கி நின்ற கடைசித் தங்கை காணாமல் போனாள். அவள் கை மட்டும் நர்ஸ் அக்காவின் தோளில் மிச்சம் இருந்தது.

சுண்டுவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "சட்டத்தைச் சின்னதாக்க முடியாதாம்மா?"

"பசை இறுகிடுச்சு. பிரிச்சா மரம் பிளந்துடும். புதுசா செஞ்சா காய ஒரு நாள் ஆகும். அவங்க இப்ப வந்துடுவாங்களே! எங்கே தப்பு பண்ணினேன்னே தெரியலை."

அம்மா மறுபடி மறுபடி சட்டத்தையே அளந்தாள். சுண்டு அந்தச் சின்னப் படத்தை ஒரு காகிதத்தின் மேல் வைத்தாள். அகலத்தை ஒட்டி மூன்று மூன்று சென்டிமீட்டராகக் கோடு போட்டாள். சரியாக ஐந்து துண்டு. உயரத்தை இரண்டு இரண்டாகப் பிரித்தாள். அதிலும் ஐந்து துண்டு.

'மூணு அகலத்துக்கு ரெண்டு உயரம். அட, டீச்சர் சொன்ன விகிதம் இதுதானா! இருபத்துநாலுல எட்டு மூணு இருக்கு. அப்போ உயரத்திலும் எட்டு ரெண்டு வேணும். பதினாறு!'

பத்தொன்பது என்று சொன்னது யார்? சாட்சாத் அவளேதான்.

அதற்குள் நர்ஸ் அக்கா பெட்டியும் கையுமாக வந்து நின்றார். அம்மா எழுந்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா. அளவுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஓரத்துல கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கு."

நர்ஸ் அக்காவின் முகம் வாடிவிட்டது. "இந்தக் கடைக்குட்டியையா? ஐயோ, வேண்டாங்க. இவளை விட்டுட்டுப் போறதை நினைச்சுத்தான் ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை."

அம்மா தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டதைச் சுண்டுவால் தாங்க முடியவில்லை.

"தப்பு அம்மாவோடது இல்லக்கா, என்னோடது! ரெண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டிட்டேன். ஒரே மடங்கா பெரிசாக்கியிருக்கணும்." அவள் சட்டத்தை எடுத்துக் காட்டினாள். "ஆனா யாரையும் வெட்ட வேண்டாம். படத்தை இருபத்துநாலுக்குப் பதினாறா அச்சடிக்கலாம். சட்டத்துல உயரம் மூணு சென்டிமீட்டர் மிச்சம் வரும். மேல ஒன்றரை, கீழ ஒன்றரை. பின்னாடி வெள்ளை அட்டை வெச்சா கரை போட்ட மாதிரி இருக்கும்."

அம்மா மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு அச்சு இயந்திரத்தை ஓடவிட்டாள்.

ஐந்து பேரும் முழுசாக வெளியே வந்தார்கள். யார் முகமும் நீளவில்லை. கடைக்குட்டி, நுனிக்கால் முதற்கொண்டு, இருந்தாள். அம்மா படத்தை வெள்ளை அட்டையில் ஒட்டினாள். நர்ஸ் அக்கா கீழே இருந்த வெள்ளைக் கரையைத் தடவினார்.

"இவ்வளவு இடம் இருக்கே! பாப்பா, உன் கையெழுத்து நல்லா இருக்குமா?"

"சுமாரா இருக்கும்க்கா."

"அது போதும். எங்க பேரை எழுது. வீட்டுல கூப்பிடுற பேரு."

சுண்டு பேனாவை எடுத்தாள். நர்ஸ் அக்கா ஒவ்வொரு முகமாகத் தொட்டுச் சொன்னார். "பெரியவ. தூங்குமூஞ்சி. இவ வாயாடி. அப்புறம் நான், அழுமூஞ்சி. கடைசியில குட்டி."

"நீங்களா அழுமூஞ்சி?" என்று சுண்டு நிமிர்ந்தாள்.

நர்ஸ் அக்கா கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பின்னே? சும்மாவா வெச்சாங்க!"

அம்மா கண்ணாடியை மூடிக் கொடுத்தாள். நர்ஸ் அக்கா சட்டத்தைத் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். பெட்டியைப் பூட்டித் தூக்கிக்கொண்டார்.

"சரி, கிளம்புறோம்" என்றார். "அஞ்சு பேரும்!"